கடலுக்கு அந்தப் பக்கத்து உத்தரவு

நான் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ள அந்தத் தோட்டத்து வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம், கடலைச் செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தபோது, பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். பின்னால் நாலு வயதுக் குழந்தை ஒன்று, காலில் பூட்ஸு மாட்டிக்கொண்டு, சேறு படாமல் தாண்டித் தாண்டி வந்தது.

அவர்தான் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட உறவை நங்கையா என்று கூப்பிடுவோம். சிலோனில், கண்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாக்கப்பட்டுப் போனவர். என் கல்யாணத்துக்குக்கூட வர முடியாமல் போனவர். என் மாமியாருக்கு, அதாவது அவர் அம்மாவுக்கு, உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஒரு மாதத்துக்கு வருகிறேன் என்று சொல்லி வந்தார். மாமியார் பிழைக்கவில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகும் நங்கையா கப்பல் ஏறும் பேச்சையே எடுக்கவில்லை.

காரணத்தை என்னிடம்தான் முதலில் சொன்னார். அடுப்படியில் உட்கார்ந்து, பால் விடாத தேயிலைத் தண்ணியை வெல்லத்தைக் கடித்துக் குடித்துக்கொண்டே சொன்னார். அவருடைய வீட்டுக்காரர், நாங்கள் கண்டிக்காரர் என்று சொல்வோம், தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. அங்கே இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டார். அவளுக்கும் ஒரு பிள்ளை.

"அடிச்சாருங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல அம்மிணி. ஒரு சொல் கடுசாச் சொன்னதில்ல. பாப்பான்னா உசுரு அவருக்கு. அதுக்காக அந்தூட்டுல நானு எதுக்கு இருக்கோணும், சொல்லு. வந்த பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது, இனிமேப் போக மாட்டன்னு."

நான் அவரைப் பார்த்து அசந்துபோனது அன்றைக்குத்தான். புருஷனைப் பற்றி குறை சொல்ல வேண்டிய இடத்தில், அவரைப் பற்றி உள்ளதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வருடம் போனது. நங்கையா கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று வாங்கி, ரவிக்கை தைத்துக் கொடுத்தார். குழந்தை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. அதற்குள் மாநிலமெல்லாம் மாறி, நாங்கள் கேரளாக்காரர்கள் ஆகியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் காலையில் தமிழும் மத்தியானம் மலையாளமும் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து "தேத்தண்ணி தாங்கோ" என்று சிலோன் பேச்சில் கேட்கும்.

அப்போதுதான் கோர்ட்டு அமீன் நோட்டீஸோடு சைக்கிளில் வந்தார்.

கண்டிக்காரர் முதலில் அங்கேயே, கண்டி ஜில்லாக் கோர்ட்டில் வழக்குப் போட்டு, குழந்தை தகப்பனிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கியிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கப்பலும் ரயிலும் ஏறி வந்து, பாலக்காட்டு ஜில்லாக் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார். கண்டிக் கோர்ட்டு சொன்னபடி குழந்தையை என்னிடம் ஒப்படையுங்கள் என்பதுதான் மனு. என் வீட்டுக்காரருக்கு அதைப் படித்துக் காட்டியது நான். கோயமுத்தூர் கான்வென்டில் நாலாம் ஃபாரம் வரைக்கும் படித்திருந்ததால் அந்த வீட்டில் இங்கிலீஷ் தாள் எது வந்தாலும் என்னிடம்தான் வரும்.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரிய பெயரெல்லாம் எடுக்காதவர். நிலத் தகராறு, பாகப் பிரிவினை வழக்குகள் பார்ப்பவர். மனுவை வாங்கி நின்றபடியே படித்தார். படித்து முடித்தபோது அவர் முகம் பண்டிகைக்குப் புதுத் துணி கிடைத்த பிள்ளையின் முகம் மாதிரி ஆகியிருந்தது.

"இதாக்கும் கேஸ்!" என்றார். பிறகு நங்கையாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "மன்னிச்சுக்கோங்கோ. உங்களுக்கு இது பிராணன் போற காரியம். உக்காருங்கோ, சொல்றேன்."

நங்கையா கேட்டது ஒரே கேள்விதான். "கண்டிக் கோர்ட்டு சொல்லிப்போட்டா இந்தக் கோர்ட்டும் அப்படியே சொல்லோணுமுங்களா?"

"அதுக்குத்தான் வரேன். நீங்க கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம்தானே? பத்து வருஷம் முன்னாலே அது கொச்சி ராஜா ஊர். இந்தப் பாலக்காடு வெள்ளைக்காரா ஊர். அங்கத்து கோடதி தீர்ப்பு இங்கே வந்தா, அந்நிய நாட்டுத் தீர்ப்புன்னுதான் பேர். பஸ் ஏறினா அரை மணி நேரத்து ஊர், ஆனா அந்நிய நாடு! அப்பவும் இங்கத்து ஜட்ஜி அதை மதிச்சார். ஆனா கண்ணை மூடிண்டு ஒப்புக்கலை. அவாளுக்கு அதிகாரம் இருந்ததா, ரெண்டு பேர் பேச்சையும் கேட்டாளா, நம்ம நியாயத்துக்குப் பொருந்தறதான்னு பாத்துட்டுத்தான் ஒத்துப்பார். இப்போ சிலோன் அந்நிய நாடு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அங்கே எப்படிங்க அவருக்கே குடுத்தாங்க?" என்று நான் கேட்டேன்.

"அங்கே டச்சுக்காரா சட்டம். டச்சுக்காரா கப்பல் ஏறிப் போயி நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, சட்டம் மட்டும் போகலை. அந்தச் சட்டத்துலே, அப்பா அம்மா பிரிஞ்சிருந்தா, பிள்ளைமேல முதல் பாத்தியம் அப்பாவுக்கு. குழந்தைக்கு ஆபத்துன்னு காட்டினாத்தான் மாத்துவா. நம்ம சட்டத்துலயும் அப்பாதான் கார்டியன், இல்லேங்கலை. ஆனா இப்போ புதுசா வந்த சட்டம் தெளிவாச் சொல்றது: எல்லாத்துக்கும் மேல குழந்தையோட நன்மை. ஜட்ஜி எதை எடுத்துப் பிடிக்கறார்ங்கறதுதான் கேஸ்."

திரும்பி வரும் பஸ்ஸில் நங்கையா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது, "நல்ல மனுசன். தெரிஞ்சதத்தான் சொல்றாரு. செயிச்சுக் குடுக்கறன்னு சொல்லல பாரு" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்கவில்லை. கோர்ட்டு எதை எடுத்துப் பிடிக்குமோ என்று உட்கார்ந்திருப்பது அவருக்கு ஆகாத காரியம். விசாரணைக்கு முந்தின வாரம் ஒரு காலை, குழந்தையைச் சந்தைக்குக் கூட்டிப் போகிறேன் என்று கிளம்பியவர், மறுநாள் ராத்திரிதான் தனியாகத் திரும்பி வந்தார். கம்பத்துக்கு மேலே எல்லை மலையில், கம்பம்மெட்டில், அவர் சித்தப்பாவுக்கு ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. குழந்தையைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"அந்த மலைக்குள்ள எந்தக் கோர்ட்டுக்காரன் போயித் தேடுவான்? இந்தப் பக்கம் தேடுனா அந்தப் பக்கம் மெட்ராஸ் ராச்சியத்துக்குள்ள எறங்கிக்கலாம். அவன் சலிச்சுப் போயித் தானாக் கப்பலேறிப் போயிருவான்" என்றார்.

நங்கையா தம்பிக்கு முன்னால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, உள்ளே போய் மெஷினை மூடி வைத்தார். சண்டை வரும் என்று நான் பயந்தேன். சண்டை வந்திருந்தால்கூட எனக்கு மனசு லேசாகியிருக்கும்.

விசாரணை நாளன்று பாலக்காட்டுக் கோர்ட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். கண்டிக்காரரை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, மெலிந்த ஆள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நங்கையாவும் தலையை ஆட்டினார். அவர் கண் எங்களுக்குப் பின்னால் தேடியது. குழந்தை வரவில்லை என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய வக்கீல் கோழிக்கோட்டிலிருந்து வந்தவர், சின்ன வயது, கணீரென்ற குரல். எழுந்ததும் முதல் வார்த்தையே, குழந்தையை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார்கள், கோர்ட்டு வாரண்ட் போட்டுத் தேட வேண்டும் என்பதுதான். எங்கள் வக்கீலுக்கு விஷயமே தெரியாது. அவர் திரும்பி எங்களைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜட்ஜி திருவனந்தபுரம் பக்கத்துக்காரர். வயதானவர், கனத்த மூக்குக்கண்ணாடி. குழந்தை எங்கே என்று மலையாளத்தில் கேட்டார்: "குட்டி எவிடெ?"

எங்கள் வக்கீல் வாயைத் திறப்பதற்குள் நங்கையா எழுந்துவிட்டார். கோர்ட்டில் யார் எப்போது பேசலாம் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது.

"பாப்பா மலை மேல, என்ற சித்தப்பா தோட்டத்துல இருக்கறாளுங்க. என்ற தம்பி கொண்டுபோயி உட்டுட்டானுங்க. பயத்துல பண்ணிப்போட்டான், வேற கெட்ட எண்ணம் இல்லீங்க. எனக்குத் தவணை குடுத்தீங்கன்னா நானே போயி இங்க கூட்டிட்டு வந்துர்றனுங்க."

எங்கள் வக்கீல் கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தார். கோழிக்கோட்டு வக்கீல் மறுபடியும் எழுந்து, "இவர்களை எப்படி நம்புவது?" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். ஜட்ஜி கையை உயர்த்தி அவரை உட்காரச் சொன்னார். நங்கையாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொண்டு வரும். அல்லே?"

"கண்டிப்பா வருவனுங்க."

அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார். வாரண்ட் கிடையாது.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் வெடித்தார். "உன்ற தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறயா? அவனுக்கே தூக்கிக் குடுத்துட்டா என்ன பண்ணுவ?"

நங்கையா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு மாசம்னு சொல்லிப்போட்டுக் கடலத் தாண்டி வந்து, யாரையும் கேக்காம இங்கயே தங்கீட்டன். அதுக்கே இன்னும் பதில் சொல்லி முடியல. இனிப் பாப்பாள மலைமலையா ஒளிச்சு வெச்சா, அவ எங்கன்னு வளருவா? கேட்டுத்தான் வாங்கோணும் தம்பி. குடுக்கலீனா, அதையும் நின்னு கேட்டுக்கோணும்."

வக்கீல் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் நங்கையாவைப் பார்த்து, "போயிட்டு வாங்கோ. அதுக்குள்ள நான் கொஞ்சம் படிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

நானும் நங்கையாவும்தான் மலைக்குப் போனோம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று பஸ் மாறி மாறி, தேனி வழியாகக் கம்பம் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு சத்திரத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் ஏலக்காய் மூட்டை ஏற்றப் போகும் ஒரு ஜீப்பில் இடம் பிடித்தோம். ஜீப்பு வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டு ஏறியது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு பாய் விரித்த மாதிரி கிடந்தது. மேலே ஏற ஏறக் குளிர். நங்கையா மலைக் காற்றை மூச்சு இழுத்து முகர்ந்தார். "இது கண்டி வாசம் அம்மிணி" என்றார். அந்த ஊரையும் அவர் வெறுத்துவிட்டு வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சித்தப்பா தோட்டத்தில் குழந்தை சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏலக்காய் காய வைக்கும் கட்டடத்தில் வேலைக்காரப் பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் ஏலக்காய் மணம். சித்தப்பா எங்களை உட்கார வைத்து, பதமாகத்தான் பேசினார். "ஏன் கண்ணு, இங்கேயே இருந்துக்கோயேன். நீயும் இரு, பாப்பாளும் இருக்கட்டும். ஆரு வந்து கேக்கறாங்கன்னு நானு பாத்துக்கறேன்."

அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் சம்மதித்திருப்பேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மரத்துக்கு மரம் பனி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தையை உலகத்தின் கண்ணில் படாமல் வளர்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நங்கையா சித்தப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கறனுங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் தலையை வாரிப் பின்னலைப் போட ஆரம்பித்தார். பின்னல் ஒழுங்காக வரவில்லை. அவிழ்த்து மறுபடியும் போட்டார்.

குறித்த நாளில் குழந்தையோடு கோர்ட்டுக்குப் போனோம். வராந்தாவில் நின்றிருந்த தகப்பனைப் பார்த்ததும் குழந்தை கையை உதறிக்கொண்டு ஓடியது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நங்கையா தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அமீன் வந்து அழைக்கும் வரைக்கும் அப்பாவும் மகளும் அங்கேயே இருந்தார்கள்.

ஜட்ஜி முதலில் குழந்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அது தனியாகப் போக மறுத்து அழுததால் என்னையும் கதவோரம் நிற்க அனுமதித்தார். யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று கேட்பார், குழந்தை திணறப்போகிறது என்று நினைத்தேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

"மோள் காலையிலே எழுந்து எந்து செய்யும்?" என்று தமிழும் மலையாளமும் கலந்து கேட்டார்.

"பல்லு வெளக்குவேன். தேத்தண்ணி குடிப்பேன். கன்னுக்குட்டிக்குப் புல்லு போடுவேன்."

"ஆரு முடி பின்னித் தரும்?"

"அம்மா. அம்மா தைக்கும்போது அத்தை" என்று என்னைக் காட்டியது.

"அப்பா எந்தெல்லாம் செய்யும்?"

"அப்பா விசிலடிக்கப் பழக்கிக் குடுத்தாரு. தேத்தண்ணிய வாயில ஊத்திட்டுத் துப்பிப் பாத்துச் சொல்லுவாரு, நல்லதா கெட்டதான்னு."

ஜட்ஜி சிரித்தார். "அப்பாவை இஷ்டமாணோ?"

"இஷ்டம்" என்றது. பிறகு விசிலடித்துக் காட்டியது. கோர்ட்டுச் சிப்பந்தி பதறிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தான்.

நங்கையா கூண்டில் ஏறியபோது கோழிக்கோட்டு வக்கீல் ஒரு மாதத்தில் திரும்பி வருவதாகப் புருஷனிடம் சொல்லிவிட்டு வந்தது உண்மையா என்று கேட்டார். "உண்மைதானுங்க. அப்ப வாறதாத்தான் இருந்தன்" என்றார். புருஷன் குழந்தையைக் கொடுமைப்படுத்தியது உண்டா என்று எங்கள் வக்கீல் கேட்டார். "இல்லீங்க. பாப்பாளுக்கு நல்ல அப்பன்தான்." கண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு வாதம். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அந்தக் கோழிக்கோட்டு வக்கீல் பேசியது மனசில் தைத்தது. ஒரு நாட்டுக் கோர்ட்டு தீர விசாரித்துச் சொன்னதை இன்னொரு நாடு மதிக்காவிட்டால், சண்டை போடும் தாயோ தகப்பனோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடலைத் தாண்டினால் போதும் என்று ஆகிவிடும். தோற்றவர்கள் எல்லாம் வேறு நாடு தேடுவார்கள். பிள்ளைகள் கப்பல் சரக்காகிவிடும். இன்றைக்கு நாம் கண்டியை மதிக்காவிட்டால் நாளைக்குக் கண்டி நம்மை மதிக்குமா? அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு எதிராகப் பேசிய மனிதர் இவ்வளவு நியாயமாகப் பேசுகிறாரே என்று பயம்தான் வந்தது.

எங்கள் வக்கீல் எழுந்தார். ஒரு வாரமாகப் பெரிய பெரிய லைப்ரரிகளில் உட்கார்ந்து படித்திருக்கிறார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அமெரிக்காவில் பிரிந்துபோன ஒரு தம்பதியைப் பற்றிச் சொன்னார். அங்கத்துக் கோர்ட்டு பையனைத் தாயிடம் கொடுத்தது. தகப்பன் பையனைக் கூட்டிக்கொண்டு கானடாவுக்குப் போய்விட்டார். அந்த வழக்கு மேலே மேலே போய், கடைசியில் லண்டனில் பிரிவி கவுன்சில் என்ற கடைசிக் கோர்ட்டு வரைக்கும் போனது. வெளிநாட்டு உத்தரவுக்கு உரிய கனம் கொடுக்க வேண்டும், ஆனால் குழந்தையின் நன்மை எது என்று இந்தக் கோர்ட்டு தன் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று அங்கே சொன்னார்கள்.

கோழிக்கோட்டு வக்கீல் துள்ளி எழுந்தார். "அந்த வழக்கில் ஜெயித்தது தகப்பன்!"

"ஆமாம்" என்றார் எங்கள் வக்கீல். "ஜெயித்தது தகப்பன்தான். அதை மறைக்க நான் வரவில்லை. யார் ஜெயித்தார்கள் என்பதற்காக அந்தத் தீர்ப்பை நான் கொண்டு வரவில்லை. எதைப் பார்த்து ஜெயிக்க வைத்தார்கள் என்பதற்காகக் கொண்டு வந்தேன். இந்தக் கோர்ட்டும் அதையே பார்க்கட்டும். பார்த்த பிறகு குழந்தைக்குத் தகப்பன்தான் நல்லது என்று தோன்றினால், அப்படியே உத்தரவு போடட்டும்."

நான் திகைத்துப்போனேன். தன் கட்சிக்காரருக்கு எதிராகப் போகக்கூடிய வாசலை இவரே திறந்து வைக்கிறாரே என்று. நங்கையாவைப் பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் புரியவில்லை. நான் காதோரம் சொன்னேன். "செரியாத்தான சொல்றாரு" என்றார்.

தீர்ப்புச் சொன்ன நாளில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஓட்டுக் கூரைமேல் விழும் சத்தத்தில் ஜட்ஜியின் குரல் சரியாகக் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் முன்னால் நகர்ந்து நின்று கேட்டோம்.

கண்டிக் கோர்ட்டின்மேல் தனக்கு முழு மரியாதை இருக்கிறது என்று ஆரம்பித்தார். அந்தக் கோர்ட்டு தன் நாட்டுச் சட்டத்தை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது, அதில் குறை காண்பது தன் வேலை அல்ல. தகப்பன் நல்லவர், தாயும் நல்லவர். ஆனால் பிள்ளை விஷயத்தில் எந்த உத்தரவும் கல்வெட்டு அல்ல, பிள்ளை வளர வளர அதுவும் மாறும். அந்தக் கோர்ட்டு பார்த்தது நாலு வயதில் கப்பல் ஏறிப் போன குழந்தையை, அதுவும் நேரில் காணாமலே. தான் பார்த்தது ஆறு வயதில் எதிரில் நின்று விசிலடித்த குழந்தையை. இரண்டு வருடமாக ஒரு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தாயின் கை என்று வேர் பிடித்திருக்கிறது. தகப்பன் பகலெல்லாம் ஆபீசில் இருக்கும் மனிதர். அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவது அதற்குத் தெரியாத இன்னொரு பெண்.

அதற்குப் பிறகு சொன்னதை எங்கள் வக்கீல் எனக்காகப் பின்னால் ஒரு தரம் படித்துக் காட்டினார். பிள்ளையைக் கோர்ட்டிலிருந்து ஒளிக்க எல்லா வசதியும் இருந்தும், இழந்துவிடுவோம் என்று தெரிந்தே திரும்பக் கொண்டு வந்து நிறுத்திய தாய், தகப்பனின் பாத்தியத்தையும் மதிப்பாள் என்று இந்தக் கோர்ட்டு நம்புகிறது. குழந்தை தாயிடம் இருக்கட்டும். தகப்பன் இந்தியாவுக்கு வரும்போதெல்லாம் தடையில்லாமல் பார்க்கட்டும், தன்னோடு தங்க வைத்துக்கொள்ளட்டும். தீர்ப்பின் நகல் ஒன்று கண்டிக் கோர்ட்டுக்கும் போகட்டும்.

நங்கையா அழுவார் என்று பார்த்தேன். கை இரண்டையும் சேர்த்து ஜட்ஜியைக் கும்பிட்டார். பிறகு கண்டிக்காரர் இருந்த பக்கம் போனார். நானும் கூடப் போனேன்.

"எப்ப வேணும்னாலும் வாங்க. முன்னாடியே சொல்லோணும்னுகூட இல்லீங்க" என்றார்.

அவர், "கோர்ட்டுல நீ என்னப் பத்தி அப்பிடிச் சொல்லீருக்க வேண்டியதில்ல" என்றார்.

"பொய் சொல்ல முடியுங்களா?"

வக்கீல்கள் இரண்டு பேரும் கோர்ட்டு வாசலில் ஒரே குடைக்குள் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அப்போது விநோதமாக இருந்தது. பிறகு வயதாக ஆக, அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் யாருமே யாரையும் தோற்கடிக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரரைத் தவிர. அவரும் அன்று சாயங்காலமே போய்க் கண்டிக்காரரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்துவிட்டார்.

கோர்ட்டு சொன்னபடி ஒவ்வொரு வருடமும் கண்டிக்காரர் வந்தார். தனுஷ்கோடியில் இறங்கி ரயிலேறி வருவார். மகளுக்குச் சீட்டித் துணியும் எங்களுக்கு நல்ல தேயிலையும் கொண்டு வருவார். பாலக்காட்டில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து, மகளை ஒரு வாரம் கூட வைத்துக்கொள்வார்.

முதல் வருடம் வந்தபோதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். தீர்ப்பு வந்த சில மாதத்தில் அவராகவே கண்டிக் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார். தன் பக்கம் இருந்த உத்தரவைத் தானே மாற்றச் சொல்லி. அங்கத்து ஜட்ஜி ஆச்சரியப்பட்டு, வற்புறுத்தல் ஏதாவது உண்டா என்று கேட்டாராம். பாலக்காட்டுத் தீர்ப்பை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு, அப்படியே மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"எதுக்குங்கண்ணா? அங்கத்து உத்தரவு அங்கேயே கெடந்தா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நான் கேட்டேன்.

"பாப்பா பெரியவளாயி, அங்க ஒருக்கா வந்து அப்பன் இருக்கிற ஊரப் பாக்கோணும்னு நெனச்சா?" என்றார். "கப்பல விட்டு எறங்கறபோது அந்தப் பழைய உத்தரவு அவளப் பிடிச்சு நிறுத்தப்படாதில்லீங்களா? எந்தக் கரையில எறங்குனாலும் அவளுக்கு ஒரே பேச்சா இருக்கோணும்."

நங்கையா உள்ளேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, அவர் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார். இரண்டு வருடம் கழித்து, கோடை லீவில், தாயும் மகளும் சேர்ந்து கண்டிக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு, திரும்பி வந்தார்கள்.